வியாழக்கிழமைச் சோறு

குணமணி ஜெயரத்தினத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் கொடுத்தோம், கடமை முடிந்தது என்று விடமாட்டார். கொடுத்தது என்ன ஆயிற்று என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பார். பலதுறை மருந்தகம் ஒன்றின், அதாவது அரசாங்கப் பாலிகிளினிக் ஒன்றின், பதிவு முகப்பில் முப்பத்தோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். "என்ன வேணும்?" என்று ஒரு நாளைக்கு நூறு பேரிடம் கேட்டு, வரிசை எண் கொடுத்து அனுப்புவது வேலை. அதோடு நிறுத்தினால் குணமணி இல்லை. எண் வாங்கியவர் டாக்டரைப் பார்த்தாரா, மருந்து கிடைத்ததா, வாசலில் டாக்சி வந்ததா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஆங் மோ கியோ வீட்டிலும் இதே கதைதான். பக்கத்து வீட்டுச் சீன அம்மாவுக்கு ஒரு கிண்ணம் ரசம் கொடுத்தால், மறுநாள் கிண்ணத்தை வாங்கப் போய் "பெடாஸா?" என்று மலாயில் உறைப்பை விசாரிக்காமல் திரும்பமாட்டார். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினால் அடுத்த முறை மிளகு ஒரு சிட்டிகை குறையும்.

அவருடைய கணவர் ஜெயரத்தினம் செம்பவாங் கப்பல் பட்டறையின் கிடங்கில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இந்தப் பழக்கம் வேடிக்கை.

"சாமானைக் குடுத்தா கையெழுத்தை வாங்கிப்போட்டு மறந்திடோணும். நீர் ஏன் பின்னாலயே போறீர்?" என்பார்.

"உங்கட ஸ்டோர்ல இருந்தது இரும்பு. இது மனிசர்" என்பார் குணமணி. முப்பத்து மூன்று வருடத் தாம்பத்தியத்தில் இந்த வாதம் இன்னும் தீர்ப்பாகவில்லை.

இப்படிப்பட்டவர் ஒன்பது வருடமாக ஒரே ஒரு காரியத்தில் மட்டும் பின்னால் போய்ப் பார்க்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கியது பெரிதல்ல, சறுக்கிய பிறகு அந்த யானை என்ன செய்தது என்பதற்காகத்தான் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர்களுடைய சபை லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெரு ஒன்றில் இருக்கிறது. காணிக்கை ஞாயிறுகளுக்கு அங்கே குறைவில்லை. மிஷனரிகளுக்கு ஒன்று, முதியோர் இல்லத்துக்கு ஒன்று, அறுப்பின் பண்டிகைக்கு ஒன்று. அதற்கெல்லாம் உறை கொடுப்பார்கள். இப்போது திரையில் கியூஆர் கோடும் காட்டுகிறார்கள். போனை நீட்டினால் ஒரு சின்னச் சத்தம், கொடுத்தாகிவிட்டது. செப்டம்பர் கடைசி ஞாயிறு மட்டும் வேறு மாதிரி. அது கைப்பிடி அரிசி ஞாயிறு.

உலை வைக்க அரிசியை அளந்த பிறகு, கழுவுவதற்கு முன், அதிலிருந்து ஒரு பிடி எடுத்து ஒரு டின்னில் போட வேண்டும். அளந்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்பதில் குணமணி கறாராக இருப்பார். மூட்டையிலிருந்து எடுத்தால் யாருக்கும் ஒன்றும் குறையப்போவதில்லை. அளந்ததிலிருந்து எடுத்தால் அன்றைக்கு நம் தட்டில் ஒரு கவளம் குறையும். அந்தக் கவளம்தான் காணிக்கை. ஏழு வாரம் இப்படிச் சேர்த்ததை அந்த ஞாயிறன்று மைலோ டின்னிலும் பிஸ்கட் டின்னிலும் கொண்டுவந்து, பீடத்துக்கு முன்னால் வைத்திருக்கும் பித்தளை அண்டாவில் வீடு வீடாகக் கொட்டுவார்கள். முன்பு ஒரு காலத்தில் இருந்து நின்றுபோன வழக்கம் இது. ஒன்பது வருடத்துக்கு முன் மறுபடியும் தொடங்கிவைத்தவர் குணமணிதான்.

தொடங்கியதற்குக் காரணம் லெம்பு சாலைப் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடி. வேலையிடத்தில் அடிபட்ட வெளிநாட்டு ஊழியர்கள் அங்கே தங்கியிருக்கிறார்கள். கை உடைந்தவர்கள், கால் நசுங்கியவர்கள், முதுகில் கம்பி வைத்தவர்கள். வழக்கு முடியும்வரை வேலை பார்க்கவும் முடியாது, ஊருக்குப் போகவும் முடியாது. மூன்று சபைகள் சேர்ந்து அந்த வீட்டை நடத்துகின்றன. எப்போதும் முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். அவர்களில் மாதா கோயிலுக்குப் போகிறவன் ஒருவன் இருந்தால் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள் ஒன்பது பேர். அண்டா அரிசி முழுவதும் அங்கேதான் போகும். ஒவ்வொரு வருடமும் குணமணி மூட்டைகளோடு போய், மாடிப்படியில் நின்று ஒரு படம் எடுத்து, ஒரு ஜெபம் சொல்லித் திரும்புவார். அந்தப் படம் சபை மலரில் வரும்.

டின் கொண்டுவருகிறவர்களில் முத்தாயியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அறுபத்தாறு வயது. தேக்கா உணவு நிலையத்தில் தட்டு எடுக்கும் வேலை. ஓரறை வாடகை வீட்டில் தனியாக இருக்கிறார். ஞானஸ்நானம் பெற்றபோது பேர் மாற்றட்டுமா என்று போதகர் கேட்டதற்கு, "இந்தப் பேர்லதான் இத்தன கஷ்டமும் பட்டேன், நல்லதும் இதே பேர்ல வரட்டும் லா" என்று சொன்னவர். ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் உலை வைப்பார், அதுவும் ஒரு சிறிய குவளை. அவருடைய பிடியும் சின்னப் பிடி. எனவே மற்றவர்களைப் போல ஏழு வாரம் அவருக்குப் போதாது. ஒரு செப்டம்பரில் டின்னைக் கவிழ்த்தால் அடுத்த வாரமே மறுபடி தொடங்கிவிடுவார். டின் நிறைய அவருக்கு ஒரு வருடம் முழுதாக வேண்டும். வண்டு விழாமல் இருக்க நாலு காய்ந்த மிளகாய் உள்ளே கிடக்கும். அந்தப் பச்சை மைலோ டின் ஒரு வருடம்கூடத் தலை குறைந்து வந்ததில்லை.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருவோம்.

ஆகஸ்டு கடைசி வாரம். காணிக்கை ஞாயிற்றுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அந்த வீட்டில் இருக்கும் ஒருவருடைய மருத்துவச் சீட்டு முகப்பில் விடுபட்டுப்போனதால், அதைக் கையோடு கொடுத்துவிட்டு வரலாம் என்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் குணமணி மாடி ஏறினார். அந்த நேரத்தில் அவர் அங்கே போனது அதுதான் முதல் தடவை.

சமையலறையில் வேலாயுதம் இருந்தார். அறந்தாங்கிக்காரர், முப்பத்து நாலு வயது. சாரத்திலிருந்து விழுந்ததில் வலது கை விரல்கள் மடங்குவதில்லை. இடது கையாலேயே அத்தனை பேருக்கும் சமைத்துக்கொண்டிருந்தார். குணமணியைப் பார்த்ததும் அவசரமாகப் பானையை மூடினார்.

முப்பத்தோரு வருடம் முகப்பில் உட்கார்ந்தவருக்கு, ஒருவர் எதை மறைக்கிறார் என்று தெரியாதா? அவர் மூடியைத் தூக்கிப் பார்த்தார். ஒரு பருக்கையை எடுத்து வாயில் போட்டார். கல் மாதிரி கடிபட்டது. அடுத்த பருக்கை களியாக நாக்கில் ஒட்டியது.

"என்ன தம்பி இது?"

"கொஞ்சம் அவசரத்துல வடிச்சிட்டேன்க்கா."

"உண்மையைச் சொல்லுங்கோ."

வேலாயுதம் தரையைப் பார்த்தார். "அக்கா, நீங்க கோவிச்சுக்கக் கூடாது. இது காணிக்கை அரிசி. ஒரு வீட்டு அரிசி பாசுமதி, ஒரு வீட்டு அரிசி பொன்னி, இன்னொண்ணு தாய்லாந்து அரிசி, செவப்பரிசிகூட இருக்கு. பாசுமதி வெந்தா பொன்னி வேகாது. பொன்னி வேகுற வரைக்கும் விட்டா மத்ததெல்லாம் கொழஞ்சு போவுது. எப்புடி வச்சாலும் இப்புடித்தான் வருது."

"அப்ப ஒவ்வொரு நாளும் இதைத்தான் சாப்பிடுறீங்களோ?"

"இல்லக்கா. தெனமும் முடியாது, வயித்த வலிக்கும். வியாழக்கிழம மட்டும். வியாழக்கிழமைச் சோறுன்னு சொல்லுவோம். ரசத்த நெறைய ஊத்தி முழுங்கிருவோம்."

"பிடிக்காட்டி எறிஞ்சிருக்கலாமே."

"சாமிக்குக் குடுத்த அரிசிய எப்புடிக்கா கொட்டுறது? எனக்கு முன்னாடி இருந்தவங்களும் தின்னுருக்காங்க. எனக்குச் சமையல ஒப்படைச்சுட்டுப் போனவரு, அந்த அக்காகிட்ட சொல்லிராத, மனசு கஷ்டப்படும்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

உள்ளே தாடையில் கம்பி கட்டிய ஒரு பையன் அந்தச் சோற்றைக் கரண்டியால் மசித்துக்கொண்டிருந்தான். குணமணி ஒரு தட்டு வாங்கி அங்கேயே உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டார். யாரும் சாப்பிடச் சொல்லவில்லை. எலும்பு உடைந்து கிடக்கிறவர்கள் தன் மனது நோகக் கூடாது என்று ஒன்பது வருடம் மென்று விழுங்கியிருக்கிறார்கள் என்ற நினைப்பு அவருக்குத் தாங்கவில்லை. பெருமையாகச் சிரித்தபடி மாடிப்படியில் நின்று எடுத்த அந்த ஒன்பது படங்களையும் கிழித்துப் போட வேண்டும்போல் இருந்தது. ரயிலில் திரும்பும்போது அழுதார்.

வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார்கள். குணமணி அடுத்த ஞாயிறே செயற்குழுவில் எல்லாவற்றையும் சொன்னார். தவறு தன்னுடையது என்றும் சொன்னார்.

செயலாளர் இருதயராஜ் நல்ல மனிதர். கொஞ்சம் அவசரக்காரர், அவ்வளவுதான். "சிம்பிள் சிஸ்டர். அரிசிய விட்டுருவோம். எல்லாரும் போன்ல அனுப்பட்டும். ஒரே பிராண்டா நாமளே அரிசி வாங்கிக் கொடுத்துடலாம்" என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். தலையாட்டாதவர்களும் மறுக்கவில்லை. யோசனையில் பிழை ஒன்றும் இல்லையே.

குணமணிக்கு முத்தாயியின் டின் நினைவு வந்தது. முத்தாயியிடம் இருப்பது பழைய பொத்தான் போன். மாதக் கடைசியில் அவர் பையில் என்ன இருக்கும் என்பது சபையில் எல்லாருக்கும் தெரியும். கொடுக்க அவரிடம் இருப்பது தன் தட்டில் குறையும் அந்த ஒரு கவளம். அதையும் வேண்டாம் என்றால், வருடத்தில் ஒரு நாள் பீடம்வரை நடந்துபோய்த் தன் கையால் கொட்டும் அந்த மனுஷிக்கு இனி என்ன இருக்கிறது?

"இந்த ஒரு வருஷம் என்னட்ட விடுங்கோ. கலந்த அரிசியை அவையள் விரும்பிச் சாப்பிடுற மாதிரி நான் செய்து காட்டுறன். முடியாட்டி அடுத்த வருஷம் அரிசி ஞாயிறு இல்லை. அதை முத்தாயி அக்காவுக்கும் மற்ற ஆக்களுக்கும் நானே என்ட வாயால சொல்றன்" என்றார் குணமணி. குழு ஒத்துக்கொண்டது.

முதலில் அவர் செய்தது ஓர் அசட்டுக் காரியம். மருந்தகத்தில் நோயாளிகளுக்கு நிறவாரியாகச் சீட்டு ஒட்டுவது போல, டின்களுக்கு நாலு நிறத்தில் ஒட்டுத்தாள் கொடுத்தார். பாசுமதிக்கு மஞ்சள், பொன்னிக்கு நீலம், இப்படி. ஒரே வாரத்தில் தெரிந்துபோனது, தாங்கள் சாப்பிடுவது என்ன அரிசி என்று சபையில் பாதிப் பேருக்குத் தெரியாது. "அவர்தான் வாங்கிட்டு வருவாரு" என்றார்கள் பெண்கள். "அவதான் லிஸ்ட் எழுதிக் குடுப்பா" என்றார்கள் ஆண்கள். ஜெயரத்தினம் வீட்டு டின்னில் நாலு நிறத்தையும் ஒட்டிவிட்டு, "எங்கட டின்தான் வடிவா இருக்கு" என்றார்.

மறு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் முத்தாயி வந்தார். கையில் டின், விரல் நுனியில் நாலு ஒட்டுத்தாள்.

"குணமணிம்மா, என்னோடதுல எத ஒட்டறது? எனக்கு அரிசிப் பை இலவசமா வருது இல்ல, ஒரு மாசம் ஒரு கம்பெனி குடுக்கும், மறு மாசம் கோயில்ல குடுப்பாங்க. ஒவ்வொரு தடவையும் வேற வேற அரிசி." மூடியைத் திறந்து காட்டினார். நீளமும் குட்டையும் வெள்ளையும் பழுப்புமாக ஒரு வருடம் உள்ளே இருந்தது. "நல்ல அரிசியோட சேக்க வேணாம்னா பரவால்ல. நான் தனியா ஓரமா வெச்சுக்கறேன்."

முத்தாயியின் குரலில் கோபம் இல்லை. ஓரமாக நிற்பது அவருக்குப் பழகிப்போன காரியம். குணமணிக்குத்தான் முகம் சுண்டியது. எந்த டின்னுக்காகக் குழுவில் வாதாடினாரோ, அந்த டின்னையே முதலில் வெளியே நிறுத்தியிருக்கிறார். "ஒண்டும் ஒட்ட வேண்டாம் அக்கா. எல்லாம் ஒரே அண்டாதான்" என்று சொல்லி, அந்த நாலு ஒட்டுத்தாளையும் வாங்கிக் கசக்கிப் பையில் போட்டார். பேருந்து நிறுத்தத்தில் மீதி ஒட்டுத்தாள் கட்டும் குப்பைத்தொட்டிக்குள் போனது.

காணிக்கை ஞாயிற்றுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாதபோது மனிதர் பழகிய வேலையைத்தான் செய்வார். அவர் மறுநாள் லெம்பு சாலை மாடிக்குப் போய், வேலாயுதத்துக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"தம்பி, உங்களுக்கு என்ன வேணும்?"

வேலாயுதம் விழித்தார். "எதுக்குக்கா?"

"சாப்பிட. என்ன சாப்பிட ஆசை உங்களுக்கெல்லாம்?"

ஒன்பது வருடத்தில் அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. படுக்கையில் கிடந்தவர்கள்கூடத் தலையைத் தூக்கினார்கள். வேலாயுதம் கரண்டியைக் கீழே வைத்தார்.

"தோசைக்கா. ஞாயித்துக்கெழம காலையில சுடச்சுட ஒரு தோசை. நான் இங்க வர்றதுக்கு முன்னாடி அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல தள்ளுவண்டில தோசதான் போட்டேன். கடைத் தோசை விக்கிற வெலைக்கு இங்க எங்களால தெனம் தின்ன முடியுமா?"

சொல்லி முடித்தவர் சட்டென்று நிறுத்திவிட்டு மூலையில் இருந்த காணிக்கை அரிசி மூட்டையைப் பார்த்தார். குணமணியும் அதையே பார்த்தார். பாசுமதிதான் பொன்னியோடு சேர்ந்து வேகாது. ஊறிவிட்டால் கல்லுரலுக்குப் பாசுமதியும் ஒன்றுதான், பொன்னியும் ஒன்றுதான்.

"அரைச்சா?" என்றார் குணமணி.

"அரைச்சா எல்லாம் மாவுதான்க்கா" என்றார் வேலாயுதம்.

அந்தச் சனிக்கிழமை ஆங் மோ கியோவிலிருந்து ஒரு வெட் கிரைண்டர் சந்தைத் தள்ளுவண்டியில் ஏறி ரயிலில் லிட்டில் இந்தியாவுக்கு வந்தது. ஜெயரத்தினம் தோபி காட் நிலையத்தில் ரயில் மாறும்போது அதைக் குழந்தையைப்போல் அணைத்துக்கொண்டு நின்றார். "முப்பது வருஷம் கப்பல் சாமான் அனுப்பினன், ஒண்டையாவது நான் தூக்கினதில்லை" என்று வழியெல்லாம் முணுமுணுத்தார். ஆனால் வேறு யாரையும் தொடவிடவில்லை.

வேலாயுதம் அரிசியை அளந்தார். நாலு பங்குக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். அளக்கும்போது கேட்டார், "வீட்டுல அளந்துட்டுத்தான் பிடி எடுப்பீங்களாமேக்கா? ஏன், மூட்டைல இருந்து எடுத்தா ஆகாதா?" குணமணி காரணத்தைச் சொன்னார். வேலாயுதம் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மீதியை அளந்தார்.

ஊறவைத்து அரைத்த மாவு இரவு முழுக்கப் புளித்தது. மறுநாள் ஊற்றிய முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. இரண்டாவது கந்தலாக வந்தது. குணமணியின் முகத்தைப் பார்த்து வேலாயுதம் சிரித்தார். "கல்லு புதுசுக்கா. மாவுல ஒரு குத்தமும் இல்ல. கல்லப் பழக்கணும்." அரை வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு இடது கையால் தேய்த்துக்கொண்டே இருந்தார். எட்டாவது தோசை கல்லிலிருந்து தானாகவே விளிம்பு தூக்கியது. தாடையில் கம்பி கட்டிய பையனுக்கு மாவில் கொஞ்சம் எடுத்து நாலு இட்லி ஊற்றிக் கொடுத்தார்கள். அவன் மசிக்காமல் சாப்பிட்டான்.

காணிக்கை ஞாயிறு வந்தது. சபை நிறைந்திருந்தது. ஒவ்வொரு வீடாக வந்து கொட்ட, அண்டாவில் அரிசி ஏறியது. முத்தாயி தன் முறை வந்ததும் வேலைச் சீருடையோடு நடந்து வந்தார். பன்னிரண்டு மணிக்கு அவருக்கு வேலை. ஒரு வருடத்தை ஒரே மூச்சில் கவிழ்த்து, அடியைத் தட்டி, கண்ணை மூடி ஏதோ சொல்லிவிட்டு அவசரமாகப் போனார். அந்த அவசரத்தில் டின்னை அங்கேயே விட்டுவிட்டார். மாலையில் அது மூட்டைகளோடு சேர்ந்து லெம்பு சாலைக்குப் போய்விட்டது. அந்த முறை குணமணி படம் எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்குச் செயற்குழு மாடி ஏறியது. அந்த நேரத்துக்குக் குணமணி மூன்று சட்னி அரைத்து முடித்திருந்தார். ஒவ்வொன்றிலும் நாலு தடவை உப்புப் பார்த்தார் என்று பிறகு ஜெயரத்தினம் எல்லாரிடமும் சொன்னார். முப்பத்தெட்டுப் பேர் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். வேலாயுதம் இடது கையால் மாவை ஊற்றிச் சுற்றினார். தோசை போகப் போகப் பேச்சு குறைந்தது. பிறகு ஒருவர் தட்டை நீட்டி, "அண்ணே, இன்னொண்ணு, நல்லா முறுவலா" என்றார். அதற்கப்புறம் சத்தம் ஓயவில்லை.

இருதயராஜ் இரண்டு போதும் என்றுதான் உட்கார்ந்தார். ஐந்தாவதைக் கேட்கும்போது குணமணியின் முகத்தைப் பார்க்காமல், "சிஸ்டர், அடுத்த வருஷம் ரெண்டு அண்டா வைப்போமா?" என்றார். குழுவின் தீர்மானம் அவ்வளவுதான். குறிப்பேட்டில் எழுதுவதற்கு அவருக்குக் கை சும்மா இல்லை.

எட்டு மணிவாக்கில் முத்தாயி மூச்சு வாங்கப் படியேறி வந்தார். "குணமணிம்மா, என் டின்னு இங்க வந்துருச்சாமே. ஒரு வாரம் ஆயிருச்சு, இன்னும் ஆரம்பிக்கல லா" என்றார். உட்காரச் சொன்னதற்கு மறுத்துவிட்டார். "நான் காணிக்கையா குடுத்தத நானே திங்கறதா? தப்பு. டின்ன மட்டும் குடுங்க, வேலைக்குப் போவணும்."

வேலாயுதம் அலமாரியிலிருந்து பச்சை மைலோ டின்னை எடுத்துக் கொடுத்தார். முத்தாயி அதை வாங்கியதும் கை ஒரு கணம் தாழ்ந்தது. காலி டின் அந்தக் கனம் கனக்காது. மூடியைத் திறந்து பார்த்தார். அரிசியிலிருந்து பொறுக்கித் திரும்பப் போட்டிருந்த அவருடைய நாலு மிளகாய்க்குக் கீழே பாதி டின் அளவுக்கு அரிசி இருந்தது.

"நான் எல்லாத்தையும் கொட்டிட்டேனே. யாரு போட்டது இது?"

"நாங்கதான் ஆத்தா" என்றார் வேலாயுதம். "இந்த வாரத் தோசைக்கு அளந்தோம்ல, ஆளுக்கு ஒரு பிடி எடுத்து வச்சோம். அளந்ததுக்கு அப்புறம்தான் எடுத்தோம்."

"யாருக்கு?"

"அடுத்த வருசம் இங்க வர்றவங்களுக்கு. எங்க கேஸு முடிஞ்சு நாங்க போயிருவோம். இனிமே யாரும் அடிபடாம, யாரும் வராம இருந்தா நல்லதுதான். ஆனா வருவாங்கள்ல ஆத்தா."

முத்தாயி டின்னையும், கட்டுப் போட்ட கைகளோடு உட்கார்ந்திருந்த அந்த ஆண்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூடியை அழுத்தி மூடி, டின்னை அது இருந்த அலமாரியிலேயே கொண்டுபோய் வைத்தார்.

"இது இங்கயே இருக்கட்டும். மிளகாய மட்டும் மாசாமாசம் மாத்துங்க. என்கிட்ட வேற டின்னு இருக்கு."

வேலாயுதம் ஒரு தட்டை எடுத்துத் துடைத்து நீட்டினார். "இப்ப உக்காருங்க ஆத்தா. இது நீங்க குடுத்தது இல்ல. எங்க பங்குல இருந்து நாங்க குடுக்குறது."

முத்தாயி மறுக்க வாயெடுத்தார். மறுக்க வழியில்லை என்று அவருக்கே தெரிந்தது. ஒரு காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்திருந்த ஆள் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார். முத்தாயி உட்கார்ந்தார். முப்பது வருடமாக மற்றவர்கள் சாப்பிட்ட தட்டை எடுப்பவருக்கு முன்னால், முதல் தடவையாக ஒரு தட்டு வைக்கப்பட்டது.

அழுதால் எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள் என்று, குணமணி சட்னிக் கரண்டியை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போய், தன் பழைய கேள்வியைக் கேட்டார்.

"முத்தாயி அக்கா, உங்களுக்கு என்ன வேணும்?"

முத்தாயி நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"அந்தச் செவப்புச் சட்னி கொஞ்சம்" என்றார். "அப்புறம் இன்னொரு தோசை."